எடை மெல்லக் குறைவது குற்றமன்று

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றி நம் மக்களுக்கு இரண்டு விதமான கதைகளே தெரியும். ஒன்று, விளம்பரங்களில் வரும் முன்–பின் படங்கள். இடப்புறம் பருத்த உருவம். வலப்புறம் அதே மனிதர், பழைய கால்சட்டையின் ஒரு காலுக்குள்ளேயே நின்று சிரிக்கும் மெலிந்த உருவம். மற்றொன்று மரணச் செய்தி. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் இவ்வறுவைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தபோது தமிழகம் முழுவதும் அதைப் பேசியது. இவ்விரண்டுக்கும் நடுவே வேறொரு கூட்டத்தார் இருக்கின்றனர். அறுவை முடிந்த சில நாள்களில் சிக்கல் நேர்ந்து, மீண்டும் அறுவை அரங்குக்குச் சென்று, வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, பிழைத்து வீடு வந்தவர்கள். அவர்களைப் படம் எடுப்பாரும் இல்லை, அவர்களைப் பற்றி எழுதுவாரும் இல்லை.

ராயக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரி, ஓசூர்ப் பகுதிகளிலிருந்து இவ்வறுவைக்குச் செல்வோர் பெரும்பாலும் பெங்களூருக்கே செல்கின்றனர். எல்லை தாண்டினால் பெரிய மருத்துவமனைகள். ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. அறுவை அங்கே நடக்கிறது. அதன்பின் வரும் நீண்ட மாதங்கள் இங்கே கழிகின்றன. அத்தகைய ஒருவர் உள்ளூர் மருத்துவரிடம் வரும்போது, உடன் வந்த உறவினர் சொல்லும் முதல் வாக்கியம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: “ஆறு மாதம் ஆகிவிட்டது டாக்டர், எடை இறங்கவே மாட்டேன் என்கிறது.” சொல்பவர் கணவராக இருக்கலாம், தாயாக இருக்கலாம். நோயாளர் தலை குனிந்து அமர்ந்திருப்பார், தேர்வில் தோற்ற மாணவரைப் போல.

சிக்கலுக்குப் பின் எடை மெல்லக் குறைவது நோயாளரின் குற்றமன்று. பல வேளைகளில் அது குறையே அன்று. ஆகவே முதல் ஓராண்டுக்கேனும் “எத்தனை கிலோ குறைந்தது?” என்பதை முதல் கேள்வியாகக் கேட்பதை மருத்துவர்களும் குடும்பத்தாரும் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று பெரிதும் செய்யப்படுவது ஸ்லீவ் எனப்படும் அறுவை. இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலானதை வெட்டி நீக்கி, எஞ்சியதை வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயாக்கித் தைப்பூசிகளால் மூடுகிறார்கள். மற்றொன்று பைபாஸ். 1960-களில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிவைத்த முறையின் வழிவந்தது இது. இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். இரண்டிலும் தைத்த இடம் ஆறவேண்டும். ஸ்லீவ் செய்துகொண்டவர்களில் நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ அது ஆறாமல் கசிகிறது. வயிற்றுக்குள் சீழ் கட்டுகிறது; காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, இடது தோள்பட்டையில் வலி, மூச்சுத் திணறல் என்று வெளிப்படுகிறது. வேறு சிலருக்கு இரத்தக் கசிவு. வேறு சிலருக்குப் பாதை சுருங்கி உணவு இறங்காமை. பணமும் பதவியும் இதிலிருந்து ஒருவரைக் காப்பதில்லை. மத்திய நிதியமைச்சராக இருந்த அருண் ஜெட்லி 2014 செப்டம்பரில் தில்லியில் இவ்வறுவையைச் செய்துகொண்டபின், அதே மாதத்தில் எய்ம்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட நேர்ந்தது.

கசிவுக்கான சிகிச்சை பொறுமையைச் சோதிப்பது. குழாய் வைத்துச் சீழை வெளியேற்றுவார்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கொடுப்பார்கள். சிலருக்கு உள்நோக்கிக் கருவி வழியே ஸ்டென்ட் வைப்பார்கள். வாய்வழியே ஒரு மிடறு நீரும் கூடாது என்பார்கள். அப்போது உணவு எங்கே செல்லும்? சிறுகுடலில் பொருத்திய ஊட்டக்குழாய் வழியே செல்லும். எடைக் கணக்கு முதலில் பிறழ்வது இந்த இடத்தில்தான். ஊட்டக்குழாயில் செல்லும் திரவ உணவு பொதுவாக ஒரு மில்லிக்கு ஒரு கலோரி என்ற அளவில் தயாரிக்கப்படுவது. ஒரு நாளைக்கு 1,500 மில்லி சென்றால் 1,500 கலோரி. சிக்கலின்றி வீடு சென்ற மற்றொருவரோ அதே மாதத்தில் ஐந்நூறு, அறுநூறு கலோரிக்கு மேல் உண்ண இயலாமல் இருப்பார். முன்னவரின் உடலில் ஆறாத புண் இருக்கிறது. அது ஆறுவதற்காகவே மருத்துவர்கள் அவருக்கு வேண்டிய அளவு ஊட்டுகிறார்கள். அந்த மாதங்களில் அவர் எடை குறையாமல் இருந்தால் சிகிச்சை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று பொருள். பக்கத்துத் தெருக்காரர் அதே காலத்தில் இருபது கிலோ குறைந்ததோடு இதை ஒப்பிடுவதில் நியாயமே இல்லை.

அடுத்தது நீர். நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் ஒரு லிட்டர், ஒரு கிலோ. தொற்றினால் இரத்தத்தில் அல்புமின் குறையும்போது அந்த நீர் கால்களிலும் முதுகிலும் தங்கிவிடும். எடை பார்க்கும் கருவிக்குக் கொழுப்பும் தெரியாது, நீரும் தெரியாது, தசையும் தெரியாது. அது மொத்தத்தை மட்டுமே காட்டும். கொழுப்பு குறைந்துகொண்டே இருக்க, நீர் அதை மறைத்துக்கொண்டே இருப்பது நடக்கக்கூடியது.

மூன்றாவது தசை. இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரின் தசை எத்தனை விரைவாகக் கரைகிறது என்பதை லண்டன் மருத்துவர்கள் அளந்து 2013-இல் வெளியிட்டனர்: பத்து நாள்களில் தொடைத் தசையின் குறுக்களவு ஆறில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கியிருந்தது. தசை என்பது நாம் ஓய்ந்திருக்கும்போதும் ஆற்றலைச் செலவழிக்கும் உறுப்பு. அது கரைந்தால் உடலின் அன்றாடச் செலவும் இறங்குகிறது. பிறகு, முன்பு எடை குறையப் போதுமாக இருந்த அதே சிறிய உணவு, இப்போது எடையைக் குறைக்கப் போதுவதில்லை. இத்துடன், இழந்த எடையை மீட்க உடல் தானாகவே சிக்கனம் பிடிக்கும் இயல்பும் சேர்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பெருமளவு எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, அவர்கள் உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றல் எதிர்பார்க்கும் அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. அவர்கள் அறுவை செய்துகொண்டவர்கள் அல்லர். எனினும் உடல் தன் எடையை விட்டுக்கொடுக்க எவ்வளவு மறுக்கிறது என்பதற்கு அது சான்று.

விரைவாகக் குறைவது நல்லது, மெல்லக் குறைவது கெட்டது என்ற நம் எண்ணத்தின் உண்மையான ஆபத்து இனிமேல்தான் வருகிறது. சிக்கல் நேர்ந்த ஒருவருக்கு எடை திடீரென வேகமாகக் குறையத் தொடங்கினால், வீட்டார் மகிழ்கின்றனர். “இப்போதுதான் ஆபரேஷன் வேலை செய்கிறது” என்கின்றனர். பல வேளைகளில் அவர் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார். பாதை சுருங்கியிருக்கலாம், உண்டது எதுவும் தங்காது, இரண்டு வாரத்தில் ஆறேழு கிலோ குறைந்திருக்கும். அந்த மகிழ்ச்சியான இரண்டு வாரத்தில்தான் உடலின் தையாமின் இருப்புத் தீர்கிறது. வைட்டமின் பி1 எனப்படும் இச்சத்து உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்கே சேமிப்பில் இருக்கும். தீர்ந்தபின் பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். உடனே கவனிக்காவிட்டால் நினைவாற்றல் மீளாமலே போகலாம்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். வாந்தி, சோர்வு என்றால் அருகிலுள்ள கிளினிக்குக்குச் சென்று “ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுங்கள்” என்று நாமே கேட்கிறோம். தையாமின் தீர்ந்த உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், எஞ்சியிருந்த சிறிதும் அதைச் செரிப்பதில் செலவாகி, மூளைக்கு நேரும் கேடு விரைவுபடும். ஆகவே எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்ட எவரும், அது நடந்து எத்தனை மாதமாகியிருந்தாலும், வாந்தியோடு எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் சொல்ல வேண்டியது இதுவே: “எனக்கு எடைக்குறைப்பு அறுவை நடந்திருக்கிறது, குளுக்கோஸுக்கு முன் தையாமின் ஊசி போடுங்கள்.” நோயாளர் சொல்லும் நிலையில் இல்லையென்றால் உடன் இருப்பவர் சொல்ல வேண்டும். வாந்தி இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் ஊரிலேயே காத்திருக்காமல், அறுவை செய்த மருத்துவமனைக்கோ உள்நோக்கிக் கருவி வசதியுள்ள மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும்.

கிலோக் கணக்கு மட்டுமே கண்ணாக இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இந்தியாவே பார்த்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2017 பிப்ரவரியில் எகிப்திலிருந்து ஒரு பெண்மணி மும்பைக்குத் தனி விமானத்தில் கொண்டுவரப்பட்டார். உலகிலேயே மிக அதிக எடையுள்ள பெண் என்று செய்திகள் அவரை அழைத்தன; எடை ஐந்நூறு கிலோ என்றன. மார்ச்சில் அவருக்கு ஸ்லீவ் அறுவை நடந்தது. அதன்பின் நாள்தோறும் எண்கள் வெளிவந்தன. இன்று இத்தனை கிலோ குறைந்தது, இந்த வாரம் இத்தனை. ஏப்ரலில் அவருடைய சகோதரி, சொல்லப்படும் எடைக்குறைவு உண்மையன்று என்று காணொளி வெளியிட்டார். மருத்துவமனை அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. மேயில் அவர் அபுதாபிக்கு மாற்றப்பட்டார். செப்டம்பர் 25 அன்று அங்கே காலமானார். இதய நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அவருக்கு முன்னரே பக்கவாதம் வந்திருந்தது. பல ஆண்டுகள் அவர் படுக்கையை விட்டு எழவில்லை. அவரால் எழுந்து உட்கார முடிகிறதா, விழுங்க முடிகிறதா, என்ன பேசுகிறார் என்பவை செய்திகளின் ஓரத்தில் இருந்தன. சண்டையோ எடையைப் பற்றி நடந்தது.

இதே சண்டையின் சிறிய வடிவம் நம் வீடுகளில் தினமும் காலையில் நடக்கிறது. எடைக் கருவியை வாங்கி வைத்துவிட்டு, பல் துலக்கியதும் ஏறி நிற்கச் சொல்கிறோம். நேற்றைவிட அரைக் கிலோ கூடியிருந்தால் அன்று முழுவதும் வீட்டில் முகம் கொடுத்துப் பேச்சில்லை. மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் எடை கூடும், மலச்சிக்கலில் கூடும், இரவு உப்பு மிகுந்த ஊறுகாய் உண்டால் கூடும். இவற்றுக்கும் அறுவையின் வெற்றிக்கும் தொடர்பில்லை. வீட்டில் எடை பார்ப்பதானால் மாதம் ஒருமுறை போதும். அதையும் நோயாளரே பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.

பெண் நோயாளர்களின் நிலை இன்னும் கடினம். அறுவைக்குப்பின் நாளொன்றுக்கு ஐந்தாறு முறை சிறிது சிறிதாக உண்ண வேண்டும் என்பது விதி. கூட்டுக் குடும்பத்தில் மருமகள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிண்ணத்தோடு அமர்ந்தால், “நாள் முழுவதும் தின்றால் எப்படி இளைக்கும்?” என்ற சொல் காதில் விழாமல் இருப்பதில்லை. அந்தச் சொல்லுக்கு அஞ்சி அவர் உண்பதைக் குறைக்கிறார்; குறைப்பதும் முதலில் முட்டையையும் பயறையும்தான். அவை வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று ஒதுக்கப்பட்டவை. புரதம் குறைகிறது; தசை கரைகிறது; எடை இன்னும் மெல்லவே குறைகிறது; ஏச்சு தொடர்கிறது.

உணவைப் பற்றி நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு செய்தி. ராகிக் களியை நாம் மெல்லுவதில்லை. உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குகிறோம். ஒடுங்கிய இரைப்பைக்கு, அதுவும் கசிந்து ஆறித் தழும்பேறிய இரைப்பைக்கு, விழுங்கிய களி உருண்டை ஆகாது. அது சிக்கிக்கொண்டு நெஞ்சை அடைத்து வெளியே வந்துவிடும். மருத்துவர் கெட்டி உணவுக்கு அனுமதித்தபின்னும் களியைக் கூழாகக் கரைத்தே தொடங்க வேண்டும். ராகி நல்ல தானியம். சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. ஆனால் அதைப் புரத உணவென்று நம்பிவிடக் கூடாது. நூறு கிராம் ராகி மாவில் புரதம் ஏறத்தாழ 7 கிராமே. அறுவை செய்துகொண்டவருக்கு நாளொன்றுக்குப் பொதுவாக 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும். ராகியிலேயே அதைப் பெற முக்கால் கிலோவுக்கும் மேல் மாவு தேவைப்படும். இரைப்பை கொள்வதோ ஒரு சிறு கிண்ணம். எனவே அந்தக் கிண்ணத்தில் முதலில் இடம்பெற வேண்டியவை முட்டை, பால், தயிர், பனீர், மீன், கோழி, பயறு வகைகள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று சொல்லிக் கொள்ளு ரசத்தை மட்டும் தெளிய வடித்துக் கொடுக்கிறார்கள். கொள்ளின் புரதம் அடியில் தங்கும் பருப்பில் இருக்கிறது. அதையும் குழைய வேகவைத்து மசித்துக் கொடுங்கள்.

மெல்லக் குறையும் எடையெல்லாம் இயல்பானதுதான், கவலையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். சிலருக்கு அதற்குக் கண்டுபிடிக்கத்தக்க காரணம் இருக்கும். பாதை சுருங்கியவருக்கு இட்லியும் கோழியும் இறங்காது. குளிர்பானமும் ஐஸ்கிரீமும் பாலில் நனைத்த ரஸ்க்கும் வழுக்கிக்கொண்டு இறங்கும். பசிக்கு எது இறங்குகிறதோ அதைத்தானே மனிதர் உண்பர்? கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மே, ஜூன் மாதங்களில் மாம்பழச் சாறு எல்லார் வீட்டிலும் இருக்கும், கெட்டி உணவு இறங்காதவருக்கு அது அமுதம், கலோரியோ நிறைய. இவரிடம் “இனிப்பைக் குறையுங்கள்” என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை. சுருங்கிய இடத்தை உள்நோக்கிக் கருவியால் விரித்துவிட்டால் அவரே இட்லிக்குத் திரும்புவார். பைபாஸ் செய்தவர்களில் சிலருக்குக் கசிவின் விளைவாகச் சிறு பைக்கும் பழைய இரைப்பைக்கும் இடையே புதிய வழி உண்டாகி, உணவு பழைய பாதையில் செல்லத் தொடங்கும். அதை ஸ்கேனிலும் எண்டோஸ்கோப்பியிலும் காணலாம். இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். தைராய்டு குறைவு உண்டா என்று பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் தேடிப் பார்த்து முடிக்கும்வரை நோயாளரின் மனவுறுதியைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்லலாகாது. முடித்தபின்னும் சொல்வதற்கு அதிகம் இருக்காது என்பது என் எண்ணம்.

எடை குறையவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறு அறுவைக்கு விரைவதைப் பற்றியும் கேட்கிறார்கள். முதல் அறுவையின் புண் முழுவதும் ஆறி, புரதமும் இரும்பும் வைட்டமின்களும் தேறி, நோயாளர் தன் காலில் நடமாடும் நிலை வரும்முன் எடைக்காக மறு அறுவை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மறு அறுவையின் ஆபத்து முதலாவதைவிட மிகுதி. 2025-இல் மௌன்ஜாரோ, வெகோவி என்ற ஊசி மருந்துகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபின், அவற்றைப் போட்டுக்கொள்ளலாமா என்ற கேள்வியும் எழுகிறது. சிலருக்கு அவை பயன்படும். ஆனால் குமட்டலும் வாந்தியும் அவற்றின் பொதுவான பக்கவிளைவுகள். அண்மையில் கசிவிலிருந்து மீண்டவர், அறுவை மருத்துவரின் ஒப்புதலின்றி, நண்பர் சொன்னார் என்று அவற்றைத் தொடவே கூடாது.

எத்தனை கிலோ, எத்தனை ஆண்டில் என்பதற்கு அளவுகோல் வேண்டுவோர், 1987-இல் சுவீடனில் தொடங்கிய நெடுங்கால ஆய்வைப் பார்க்கலாம். அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ இரண்டாயிரம் பேரை அறுவை செய்யாதவர்களோடு ஒப்பிட்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். முதல் ஓரிரு ஆண்டுகளில் எடை மிகவும் இறங்கியது. பின்னர் எல்லா வகை அறுவையிலும் ஓரளவு திரும்ப ஏறியது. பத்தாம் ஆண்டில் தொடக்க எடையிலிருந்து பைபாஸ் செய்தவர்கள் சராசரியாக 25 விழுக்காடும், வளையம் பொருத்தியவர்கள் 14 விழுக்காடும் குறைந்திருந்தனர். நூற்றிருபது கிலோ இருந்தவருக்கு 14 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 17 கிலோ. முன்–பின் படத்துக்கு அது போதாது. ஆனால் அந்த ஆய்வில் அறுவைக் குழுவினரிடையே மரணம் குறைந்தது. சர்க்கரை மாத்திரை பாதியாகி, மூட்டு வலியின்றிப் பேருந்துப் படியேறி, இரவில் மூச்சடைப்பின்றி உறங்க முடிந்தால், அந்த 17 கிலோவை எவரும் தோல்வியென்று சொல்லக் கூடாது.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியவையும் உண்டு. நம் நோயாளர்கள் கையில் கொண்டுவரும் டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. கசிவு எங்கே ஏற்பட்டது, என்ன செய்யப்பட்டது, ஸ்டென்ட் எப்போது எடுக்கப்பட்டது, அடுத்து எந்தப் பரிசோதனை எப்போது என்பவை அதில் பல வேளை தெளிவாக இல்லை. எல்லை தாண்டி நோயாளரை அனுப்பும் மருத்துவமனை, தமிழிலோ அவர் வீட்டில் பேசும் மொழியிலோ (இங்கே கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகள் குறைவல்ல) ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் பெரும் உதவி. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே, “சிக்கல் நேர்ந்தால் எடை குறைவதும் தாமதமாகலாம்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மரணம் வரலாம் என்று சொல்கிறார்கள், இதைச் சொல்வதில்லை.

பணத்தின் நெருக்கடி எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. குடும்பத்தாரின் கோபத்துக்கும் அதுவே பெரும்பாலும் வேர். 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதியின்படி, பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது கடுமையான இணைநோய்களோடு 35-க்கு மேல் இருந்து, பிற வழிகள் பயன்தராதபோது மட்டுமே மருத்துவக் காப்பீட்டில் இவ்வறுவைக்கு இடமுண்டு. அதற்குக் கீழே இருந்தவர்கள் கடன் வாங்கிச் செய்துகொள்கிறார்கள். சிக்கல் வந்தால் கடன் இரட்டிக்கிறது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் பணிபுரியும் ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு நோய்க்கால உதவித்தொகை ஆண்டுக்கு 91 நாள், ஊதியத்தில் 70 விழுக்காடு. கசிவு ஆறுவதற்கு அதைவிட நீண்ட காலம் ஆகக்கூடும். பிறகு இரவு ஷிப்டுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. உணவு நேரமும் உறக்கமும் கலைகின்றன. நிறுவன மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கேட்டு, முதல் சில மாதங்களுக்குப் பகல் ஷிப்டு பெற முயலுங்கள். அதற்கான மருத்துவச் சான்றை உங்கள் மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கு மருந்து கொண்டுவரும் பணியாளர்கள் அத்திட்டத்தில் உள்ளனர். இயன்முறைப் பயிற்சியும் அதில் அடக்கம். எடைக்குறைப்பு அறுவைக்குப்பின் படுத்துக் கிடந்து கால் வலுவிழந்தவர்கள், தங்களுக்கும் அப்பயிற்சி கிடைக்குமா என்று அப்பணியாளரிடம் கேட்கலாம். எடை குறைந்து வரும்போது இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் மயக்கம் வரும் என்பதால், அறுவை நடந்ததை அவரிடம் தெரிவித்துவிடுவதும் அவசியம்.

அடுத்த முறை மருத்துவரிடம் வரும்போது அறுவை நடந்த மருத்துவமனையின் சீட்டுகள் அனைத்தையும், இப்போது உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும், கடந்த மூன்று நாள் என்னென்ன எவ்வளவு உண்டீர்கள், பருகினீர்கள், எத்தனை முறை வாந்தி வந்தது என்ற குறிப்பையும் கொண்டுவாருங்கள். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை தொடர்ந்து எழ முடிகிறது என்பதை வீட்டிலேயே எண்ணி எழுதிவையுங்கள். சென்ற மாதம் மூன்று, இந்த மாதம் ஏழு என்றால் அதை முதலில் சொல்லுங்கள். பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தது என்பதும் தேவை. பைபாஸ் செய்தவர்கள் மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தாமாக வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் போன்றவற்றையும் மறைக்காமல் கொண்டுவர வேண்டும். அவை இணைப்பிடத்தில் புண் உண்டாக்கும். எடையை இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்.